ஒரே பகல், நான்கு மலைகள்: ரீயூனியனில் எதை ஏறுவது?

வருகிற ஜூலைக் கடைசியில் காரைக்காலிலிருந்து என் அண்ணன், அண்ணி, அவர்களுடைய பதினாறு வயது மகள் ஆகிய மூவரும் பத்து நாள் தங்குவதற்காக இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வருகிறார்கள். கடற்கரைக்கும் கோயில்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் நாள்களைப் பங்கிட்ட பிறகு, மலைக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு பகல்தான். "இருப்பதிலேயே உயரமான மலைக்குக் கூட்டிக்கொண்டு போ, தம்பி, இனி எப்போது வரப்போகிறோம்?" என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். கேட்பவருக்கு அது நியாயமான ஆசையாகவே தோன்றும். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தீவின் தலைநகரான சேன்-தெனியில் குடியிருந்து, விடுமுறை நாள்களில் மலைப்பாதைகளிலேயே திரியும் எனக்கு, இந்தத் தீவில் உயரத்தை வைத்து மலையைத் தேர்ந்தெடுப்பது கடைசியில் ஏமாற்றத்தில்தான் கொண்டு விடும் என்று தெரியும். மேகம் வந்து மூடிவிட்டால் அந்த நடையில் என்ன மிஞ்சும், பாதி வழியில் திரும்ப நேர்ந்தால் அதுவரை நடந்ததற்குப் பயன் இருக்குமா என்னும் இரண்டு கேள்விகளை வைத்தே நான்கு மலைகளையும் நிறுத்துப் பார்த்தேன்.

மஞ்சு தவழும் மலை என்று நம் புலவர்கள் பாடியது அடிவாரத்தில் நின்று பார்க்கிறவனுடைய அழகு. மேலே நடக்கிறவனுக்கு அதே மஞ்சு மலையையே பறித்துக்கொண்டு போய்விடும். ரீயூனியன் 2,512 சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ள சிறிய தீவு. ஆனால் அதன் நடுவில் 3,000 மீட்டருக்கும் மேல் மலை எழுந்து நிற்கிறது. இங்குள்ளவர்கள் அலிஸே என்று சொல்லும் தென்கிழக்கு வியாபாரக் காற்று ஆண்டின் பெரும்பகுதி கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து கிழக்குச் சரிவில் மோதுகிறது. அதனால் கிழக்கின் மேட்டுப் பகுதிகளில் ஆண்டுக்கு 10,000 மில்லிமீட்டரைத் தாண்டி மழை கொட்டும் இடங்கள் உண்டு. மேற்குக் கரையிலோ அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெய்யாத ஊர்கள் இருக்கின்றன. இந்தப் பெரிய ஏற்பாட்டுக்கு மேல் அன்றாட ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. காலையில் வெயில் சரிவுகளைச் சூடாக்கியதும் கடற்காற்று அவற்றின் மீது ஏறத் தொடங்கி, ஏற ஏறக் குளிர்ந்து, ஒன்பது அல்லது பத்து மணிக்குள் மேகமாகத் திரண்டுவிடுகிறது. மேலே ஒரு வெதுவெதுப்பான காற்றடுக்கு மூடிபோல அமர்ந்து அந்த மேகத்தை மேலும் ஏறவிடாமல் தடுக்கும் நாளில், உச்சியில் நிற்பவர் காலடியில் மேகக் கடலைக் காண்பார். அந்த மூடி உயரத்தில் இருந்தாலோ வலுவிழந்து போனாலோ உச்சியும் சேர்ந்து மறைந்துவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்தன என்பதால் பதினொரு மணிக்கும் வானம் தெளிவாக இருக்கும் என்று இந்தத் தீவில் யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள்.

அண்ணன் வருவது குளிரும் வறட்சியுமான பருவத்தில் என்பது நல்வாய்ப்பு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான புயல் பருவத்தில் என்றால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. 1966 ஜனவரியில் தெனீஸ் என்ற புயல் கடந்தபோது தீவின் தென்கிழக்கில் உள்ள எரிமலையை ஒட்டிய ஃபோக்-ஃபோக் என்னுமிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பதிவானது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அது அதிகம். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது கோமெர்சோன் என்ற எரிமலைப் பள்ளத்தருகே மூன்று நாள்களில் ஏறத்தாழ 3,930 மில்லிமீட்டர் கொட்டியது. இரண்டும் உலகச் சாதனைகள்; இரண்டும் நாம் ஆராயப்போகும் மலைகளில் ஒன்றின் பக்கத்திலேயே நிகழ்ந்தவை. ஜூலையில் இவ்வளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்றாலும், குளிரை மறக்கக் கூடாது. நூறு மீட்டர் ஏறும்போது அரை டிகிரிக்குச் சற்று அதிகமாக வெப்பம் குறைவதால், விடியலில் கடற்கரையில் இருபது டிகிரி இருக்கும் நாளில் மூவாயிரம் மீட்டரில் உறைநிலைக்கு அருகில் இருக்கும். காற்றும் சேர்ந்தால் காரைக்காலில் பிறந்து வளர்ந்த உடம்பு அதைத் தாங்காது.

அண்ணன் கேட்ட மலையிலிருந்தே தொடங்குகிறேன். பித்தோன் தெ நேஜ், அதாவது பனிமுகடு, 3,071 மீட்டர்; இந்தியப் பெருங்கடலில் இதைவிட உயரமான சிகரம் இல்லை. அணைந்துபோன எரிமலையான அதன் தோள்களைத்தான் சிலாவோஸ், மஃபாத், சலாசி என்னும் மூன்று பெரும் கிண்ணங்களாக மழையும் சரிவும் அரித்து வைத்திருக்கின்றன. வழக்கமான பாதை சிலாவோஸ் ஊருக்கு மேலே லெ பிளோக் என்ற இடத்தில் ஏறத்தாழ 1,380 மீட்டர் உயரத்தில் தொடங்குவதால், ஏற வேண்டியது 1,700 மீட்டர் அளவுக்கு வருகிறது. கட்டைகளையும் பாறைகளையும் படிகளாக வைத்து அமைத்த அந்தப் பாதை முதல் மூன்று மணி நேரம் காட்டுக்குள்ளேயே செல்கிறது; 2,480 மீட்டர் அளவில் இருக்கும் மலைவிடுதியைத் தாண்டிய பிறகுதான் மரங்கள் விலகி, உதிரும் எரிமலைக் கற்களின் மேல் நடை தொடங்குகிறது. பெரும்பாலானவர்கள் அந்த விடுதியில் இரவைக் கழித்து, மூன்று நான்கு மணிக்கு எழுந்து, தலையில் டார்ச்சை மாட்டிக்கொண்டு சூரிய உதயத்துக்கு உச்சியை அடைகிறார்கள். இந்த மலைக்கு அதுவே பொருத்தமான முறை. ஒரே பகலில் முடிக்க நினைப்பவர் ஒன்று நள்ளிரவில் சிலாவோஸில் இருந்து கிளம்ப வேண்டும், அல்லது மேகம் திரளும் அதே பத்து பதினொரு மணிக்கு உச்சியை அடைய வேண்டும்.

நான் இரண்டாவது வகையைச் செய்து பார்த்தவன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டில், இரவு தங்குவதற்கு இடம் பதிவு செய்யாமல் விட்ட என் சோம்பலின் விளைவாக, காலை ஆறு மணிக்கு லெ பிளோக்கிலிருந்து ஏறத் தொடங்கி, பதினொரு மணிக்குச் சற்று முன் உச்சியில் நின்றேன். அன்று எடுத்த படத்தில் நானும் வெண்மையும் மட்டுமே இருக்கிறோம். பின்னணிக்கு வெள்ளை வேட்டி கட்டியது போல இருக்கிறது என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். இறங்கும் 1,700 மீட்டரும் முழங்காலில்தான் இறங்கின. இந்த நடையின் குறை அதன் கடுமை மட்டுமன்று. அதன் பலன் முழுவதும் கடைசி அரை மணி நேரத்தில் இருக்கிறது என்பதே பெரிய குறை. பாதியில் திரும்புகிறவருக்குக் காட்டையும் வியர்வையையும் தவிர வேறு எதுவும் கிடைக்காது. போதாததற்கு, சிலாவோஸுக்கு ஏறும் சாலை நானூறு வளைவுகள் கொண்டது என்று பெயர் பெற்றது; பேருந்தில் கொடைக்கானல் போகும்போதே கண்ணை மூடிக்கொள்கிற அண்ணியை விடியுமுன் அதில் அழைத்துச் செல்ல எனக்குத் துணிவில்லை. எனவே அண்ணனின் விருப்பமே பட்டியலில் முதலில் அடிபட்டது.

எங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருப்பதால் லா ரோஷ் எக்ரித் மலையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். சேன்-தெனிக்கு மேலே 2,276 மீட்டர் உயரமுள்ள அதற்கு நெடுந்தூரம் வண்டி ஓட்ட வேண்டியதில்லை. உலகில் வேறெங்கும் இல்லாத துயி-துயி என்ற சிறு பறவை அந்தக் காடுகளில்தான் வாழ்கிறது. பறவை பார்ப்பவர் என்றால் நானே கையைப் பிடித்து அழைத்துச் செல்வேன். மற்றவர்களுக்கு அது பல மணி நேரச் சேற்று நடை. காட்சி என்பது கடைசி விளிம்பில் மட்டுமே. பித்தோன் தெ நேஜுக்குச் சொன்ன குறை இதற்கும் பொருந்துவதால் இதையும் விட்டுவிட்டேன்.

மிஞ்சியவை இரண்டு: தென்கிழக்கில் உயிரோடு இருக்கும் எரிமலையான பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், மேற்கில் மாயிதோ விளிம்பு வழியாகச் செல்லும் கிரான் பெனார். உண்மையான போட்டி இவற்றுக்கிடையில்தான். அது எளிதில் முடிகிற போட்டியும் அன்று.

எரிமலையின் பெரிய வலிமை, மேகம் வந்தாலும் அதில் பார்ப்பதற்கு ஏதேனும் இருக்கும் என்பது. பூர்-முரா ஊரைத் தாண்டிச் செல்லும் காட்டுச் சாலை, கோமெர்சோன் பள்ளத்தைக் கடந்து, மணற்சமவெளி எனப்படும் செங்கபில நிறப் பாலையில் இறங்கும்போதே என் விருந்தினர்கள் ஒவ்வொருவரும் வாயடைத்துப் போயிருக்கிறார்கள். சாலை 2,311 மீட்டர் உயரத்தில் பா தெ பெல்கோம்ப் என்ற விளிம்பில் முடிகிறது. அங்கிருந்து செங்குத்தான சுவரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கினால் எரிமலையின் முற்றத்தை அடையலாம். 1753இல் வெடித்துப் பிறந்த ஃபோர்மிகா லியோ என்ற சிறிய செங்குன்று இறங்கிய சிறிது நேரத்திலேயே வந்துவிடுகிறது. அதன் பிறகு உறைந்த எரிமலைக் குழம்பின் மேல் நடை. கயிறு முறுக்கிப் போட்டது போன்ற வழவழப்பான குழம்பும், கிராத்தோன் என்று இத்தீவின் கிரியோல் மொழியில் வழங்கும் கத்தி முனைக் குழம்பும் மாறி மாறி வரும். கூடு போல உள்ளீடற்ற ரோஸ்மோன் குகைமேட்டைக் கடந்து ஏறினால் தொலொமியூ என்ற எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு. 2007 ஏப்ரல் வெடிப்பின்போது அந்தப் பள்ளத்தின் தரை முந்நூறு மீட்டருக்கும் மேல் உள்வாங்கியது. இப்போது விளிம்பில் நின்று பார்ப்பது அந்த ஓட்டையைத்தான். போய்த் திரும்ப ஐந்து முதல் ஆறு மணி நேரம் ஆகும். மேகம் மூடிய நாளிலும் காலடியில் இருக்கும் குழம்பு எங்கும் போய்விடுவதில்லை. ஃபோர்மிகா லியோவோடு திரும்புகிறவர்கூட எரிமலைக்குள் நடந்தோம் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆயினும் எரிமலை மீது எனக்கு மூன்று தயக்கங்கள் உண்டு. முதலாவது, அது திறந்திருக்கும் என்று யாரும் முன்கூட்டியே உறுதி சொல்ல முடியாது. உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்றான இது உறுமத் தொடங்கினால் மாவட்ட நிர்வாகம் முற்றத்தை மூடிவிடும். படிகளின் தலைப்பில் உள்ள கதவு பூட்டப்படும். வெடிப்பைத் தூரத்திலிருந்து காணும் பேறு கிடைக்கலாம், ஆனால் நடை இல்லை. இரண்டாவது, மூடுபனி இறங்கினால் அந்த முற்றம் திசையே இல்லாத இடமாகிவிடும். மரம் இல்லை, ஓடை இல்லை, தேய்ந்த தடம் இல்லை. கரும்பாறையில் வெள்ளைச் சாயத்தால் இட்ட புள்ளிகளே பாதை. ஒரு புள்ளியில் நின்று அடுத்த புள்ளி தெரியவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதை, ஆர்வத்தில் முன்னே ஓடும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு எத்தனை முறை சொன்னாலும் போதாது. மலைமீட்புப் படையினர் ஹெலிகாப்டரில் வருவார்கள் என்ற தைரியமும் அங்கே உதவாது. நமக்கு வழி தெரியாத அதே மேகம் அவர்களையும் பறக்க விடாது. மூன்றாவது தயக்கம் எளியது, ஆனால் அண்ணிக்கு அதுவே பெரியது: காலையில் இறங்கிய ஐந்நூறு படிகளையும் களைத்த கால்களோடு மாலையில் ஏறியாக வேண்டும். மலை என்றால் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம் என்று மனம் கணக்குப் போட்டு வைத்திருக்கும். இந்த நடை அந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது.

கிரான் பெனார் 2,898 மீட்டர் உயரம். தீவின் உச்சியைவிட 173 மீட்டர்தான் குறைவு. ஆனால் அதற்கான பாதை மாயிதோ சாலையின் மேல் முனையிலிருந்து, ஏற்கெனவே இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே தொடங்குவதால், ஏற வேண்டியது 700 மீட்டர் அளவே. சேன்-தெனியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அங்கே போய்விடலாம். எரிமலைக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். சேன்-போலுக்கு மேலே ஏறும் அந்தச் சாலை ஜெரானியம் எண்ணெய் காய்ச்சும் பெத்தீத் பிரான்ஸ் சிற்றூரைக் கடந்து, தமரேன் மரக்காடுகளுக்குள் செல்கிறது. பெயரைக் கேட்டுப் புளிய மரம் என்று எண்ண வேண்டாம். அது இத்தீவுக்கே உரிய ஒரு வகை அக்கேசியா. அண்ணன் நிச்சயம் வண்டியை நிறுத்தச் சொல்லிப் புளியங்காய் தேடுவார் என்பதால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

இந்த நடையின் அமைப்பே எனக்குப் பிடித்த காரணம். மாயிதோ பார்வைமுனையில் வண்டியை விட்டு இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தாலே, ஆயிரம் மீட்டருக்குக் கீழே, சாலையே இல்லாத மஃபாத் கிண்ணமும் அதனுள் சிதறிய சிற்றூர்களும் தெரியும். அங்கே வாழ்கிறவர்கள் இன்றும் கால்நடையாகவோ ஹெலிகாப்டரிலோதான் வெளியுலகை அடைகிறார்கள். பாதை அந்தக் கிண்ணத்தின் விளிம்பை ஒட்டியே ஏறிச் சென்று, அவ்வப்போது விளிம்பைத் தொட்டுக் காட்சியைக் காட்டிவிட்டு மறுபடியும் உள்ளே வருகிறது. ஆகவே ஒரு மணி நேரம் நடந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்கான காட்சியும், மூன்று மணி நேரம் நடந்தவருக்கு அதற்கான காட்சியும் கிடைக்கின்றன. எந்த இடத்தில் திரும்பினாலும் நட்டம் இல்லை. இடையில் லா கிளாசியேர் எனப்படும் குழிகள் வருகின்றன. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் குளிர்கால இரவுகளில் அங்கே உறையும் பனிக்கட்டியைச் சேர்த்து வைத்து, கடற்கரைச் செல்வர்களின் கோப்பைகளுக்காக மனிதத் தலைச்சுமையாக இறக்கியிருக்கிறார்கள். உச்சியில் ஒரு பக்கம் மஃபாத், மறுபக்கம் சிலாவோஸ், எதிரே அண்ணன் கேட்ட பித்தோன் தெ நேஜ் முழு உருவத்தோடு நிற்கும். அந்த மலையைப் பார்ப்பதற்கு அதன் மேல் நிற்பதைவிட இங்கே நிற்பது நல்லது என்று சொன்னால் அண்ணன் சமாதானமாவாரா என்பது வேறு விஷயம்.

வானிலையின் தராசும் ஜூலையில் இந்தப் பக்கமே சாய்கிறது. அலிஸே காற்று வலுவாக வீசும் நாளில் எரிமலைப் பக்கம் தூறலும் குளிர்காற்றும் நேராக வந்து தாக்க, மேற்கு விளிம்பு மலைத்தொடரின் மறைவில் ஒதுங்கி இருக்கும். வளிமண்டல ஆய்வுக்கென்று 2012இல் ஒரு பெரிய ஆய்வகத்தை மாயிதோவில் கட்டியதற்கு, அங்கே இரவு வானம் அவ்வளவு தெளிவாக இருப்பதும் ஒரு காரணம். ஆனால் இரவு என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். பகலில் மேற்குச் சரிவின் வழியாக ஏறும் மேகம் முன்பகலில் பார்வைமுனையை மூடிவிடுவது வழக்கம். பத்து மணிக்கு அங்கே வந்து சேரும் சுற்றுலாப் பேருந்துகளின் பயணிகள் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துக்கொண்டு திரும்புவதை நான் பல முறை கண்டிருக்கிறேன். இந்த நடையின் குறைகளையும் மறைக்க வேண்டாம்: போக வர ஏறத்தாழ 18 கிலோமீட்டர், நிழல் கிடையாது, குடிநீர் கிடையாது, கால் வைக்கும் இடமெல்லாம் சமனற்ற பாறை. மேகம் வந்தால் விளிம்பை நெருங்கக் கூடாது. பாதை விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளியே செல்வதால் அதை விட்டு விலகாமல் வந்தால் போதும்.

எனவே முடிவு இது. முதல் தேர்வு கிரான் பெனார், மாற்று எரிமலை. ஒரு நாளை நிலையாகக் குறிக்காமல், செவ்வாய், புதன், வியாழன் மூன்றையும் காலியாக வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆடி வெள்ளி என்பதால் அண்ணி நோன்பு இருப்பார், அன்று மலை வேண்டாம். ஒவ்வொரு நாளும் முந்தைய மாலையில் வானிலை அறிவிப்பையும், பாதைகள் திறந்துள்ளனவா என்ற வனத்துறை அறிவிப்பையும், எரிமலை ஆய்வகம் இணையத்தில் வெளியிடும் கேமராப் படங்களையும் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகத் திட்டம். காற்று வலுவாக இருந்தால் ஐயமின்றி மேற்கு. காற்று ஓய்ந்து, மேற்குச் சரிவில் முந்தைய நாள்களில் மேகம் மிக விரைவாக ஏறியிருந்தால், எரிமலை. இரண்டுமே மூடியிருந்தால் மறுநாள்.

ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர், காற்று புகாத மேலாடை, மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, டார்ச் ஆகியவற்றை இங்கேயே எடுத்து வைத்துவிட்டேன். அண்ணன் ஊரிலிருந்து செருப்போடு வராமல், பிடிப்புள்ள காலணியைப் பழக்கிக்கொண்டு வந்தால் போதும். சாப்பாட்டுக்கு எலுமிச்சைச் சாதம். அதற்கான கறிவேப்பிலையைச் சந்தையில் கலுப்பிலே என்று கேட்டால் கொடுப்பார்கள், கொத்துமல்லியைக் கொத்தொமிலி என்று கேட்க வேண்டும். நம் முன்னோர் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தபோது கூடவே வந்து, மொழி மங்கிய பிறகும் அடுக்களையில் தங்கிவிட்ட சொற்கள்.

அதிகாலை நாலரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு மாயிதோ. ஏழு மணிக்குச் சற்று முன் சூரியன் எழும்போது நாங்கள் பாதையில் இருப்போம். அண்ணி முதல் ஒரு மணி நேரம் மட்டும் எங்களோடு நடப்பார், பிறகு என் மனைவியோடு பார்வைமுனைக்குத் திரும்பிவிடுவார். மற்றவர்கள் எங்கே நின்றாலும், உச்சி எவ்வளவு அருகில் தெரிந்தாலும், பத்து மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அண்ணன் மகளிடம் இப்போதே வாக்கு வாங்கிவிட்டேன். அண்ணனிடம் இன்னும் வாங்கவில்லை.